திரையில் வரும் மாணவனும் நம் வகுப்பில் இருக்கும் மாணவனும்

வளரிளம் பருவத்தினரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களை வகுப்பறையில் எப்படிப் பேசலாம்? மண்டகப்பட்டு அருகே ஒரு தமிழ் வகுப்பின் அனுபவம்.

ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்து முடித்தேன். கடைசி வரிசையில் சிரிப்புச் சத்தம். "என்னப்பா அங்கே?" என்று கேட்டேன். ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, நேத்து சீரியல்ல ஒரு பொண்ணு ஃபெயில் ஆயிட்டு அழுவுது. எவ்ளோ அழுதாலும் கண்ணு மை மட்டும் கலையவே இல்ல."

வகுப்பே சிரித்தது. உடனே ஒரு மாணவன், "அதுல ஒன்பதாவது படிக்கிறவனா வர்ற அண்ணனுக்கு தாடி இருக்கு ஐயா" என்றான். இன்னொருத்தி, "எல்லாரும் கேண்டீன்லயே இருக்காங்க. எப்பதான் படிப்பாங்க?" என்றாள்.

அன்று நடத்த வேண்டிய பாடம் வேறு. இருந்தாலும் அவர்கள் சொன்னவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். தொடர் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை.

நம் அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு முதல் சிறார் திரைப்படங்கள் திரையிடப்படுகின்றன. படம் முடிந்ததும் மாணவர்கள் அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் பழகியிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் நாள்தோறும் அவர்கள் பார்ப்பது தொடர்கள். கைப்பேசியில் பார்ப்பது அவற்றின் துண்டுக் காட்சிகள். அதே பேச்சை அங்கும் கொண்டுபோகலாமே என்று தோன்றியது. அதற்குமுன் என் பழைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தைத் தயாரிக்க அதுதான் முதல் காரணம்.

நான் மனதில் ஓட்டிய படம்

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் பணியாற்றினேன். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அடிக்கடி தாமதமாக வருவான். முதல் பாடவேளையிலேயே தூங்கிவிடுவான். கண்கள் சிவந்திருக்கும். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். இரண்டாம் முறை கேட்டால் வெடுக்கென்று பதில் சொல்வான். தாமதம், தூக்கம், சிவந்த கண், எதிர்ப்பேச்சு. நான்கையும் சேர்த்து ஒரு கதையை நானே முடித்துவிட்டேன். "இவன் சேர்க்கை சரியில்லை" என்று ஆசிரியர் அறையில் சொன்னேன். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும், "ராத்திரி எங்கேடா சுத்திட்டு வர்ற?" என்று கேட்டேன்.

பதினைந்து நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. பிறகு அவன் அம்மா வந்தார். அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டிருந்ததால், அறுவடைக் காலத்தில் இரவில் நெல் மூட்டை ஏற்றும் வேலைக்கு அவன் போய்க்கொண்டிருந்தான். கண் சிவந்ததற்குக் காரணம் நெல் சுணை.

அவன் திரும்பி வந்தான்; பொதுத்தேர்வும் எழுதினான். ஆனால் அதன்பிறகு என்னிடம் தானாக வந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

சிவந்த கண்ணுக்கு நான் வைத்திருந்த பொருள் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். அந்த மாணவனிடமிருந்து வரவில்லை. நான் பார்த்த படங்களிலிருந்தும் தொடர்களிலிருந்தும் வந்தது. திரையில் கண் சிவந்த பையன் என்றால் ஒரே பொருள்தான். தொடர் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போவது இருக்கட்டும். தொடர் பார்த்து ஆசிரியரின் பார்வையும் கெட்டுப்போகலாம். 2024இல் வெளிவந்த 'வாழை' திரைப்படத்தில் விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போகும் பள்ளிச் சிறுவனைப் பார்த்தபோது, அந்த மாணவனின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

திரை ஏன் அப்படிக் காட்டுகிறது?

தமிழில் பள்ளி மாணவர்களை மையமாக வைத்த தொடர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, விஜய் தொலைக்காட்சியில் 2006இல் தொடங்கிய 'கனா காணும் காலங்கள்'. மாமியார், மருமகள் கதைகளுக்கு நடுவே வகுப்பறையையும் நட்பையும் தேர்வு பயத்தையும் கொண்டுவந்த தொடர் அது. அன்று அதைப் பார்த்த மாணவர்களில் சிலர் இன்று நம்மோடு ஆசிரியர்களாக இருக்கிறார்கள். 2022இல் அதே பெயரில் ஓடிடி தளத்தில் புதிய தொடர் வந்தது. இளையோர் வாழ்க்கைக்குத் திரையில் இடம் வேண்டும் என்ற ஆசை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது என்பதற்கு இது சான்று.

ஆனால் தினமும் ஒளிபரப்பாகும் தொடருக்குச் சில கட்டாயங்கள் உண்டு. ஒவ்வொரு நாளும் ஒரு திடுக்கிடலோடு முடிய வேண்டும். குறைந்த இடங்களில் வேகமாகப் படம்பிடிக்க வேண்டும். அதனால் முகத்தை நெருக்கமாகக் காட்டுவதும் பின்னணி இசையை ஏற்றுவதும் நேரத்தை நிரப்ப உதவுகின்றன. தாடி வைத்த ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கும் காரணம் உண்டு. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக் கலைஞர்களை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. இது குழந்தைகளின் நலனுக்கான நல்ல விதி. அதே சமயம், நாள் முழுவதும் படப்பிடிப்பு வேண்டும் என்பவர்கள் வயதில் மூத்தவர்களைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதை மாணவர்களிடம் சொன்னபோது, "அப்ப அந்த அண்ணன் மேல தப்பு இல்ல" என்றான் தாடியைக் கவனித்த மாணவன்.

தாடியும் கண் மையும் சிறிய குறைகள். பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. தொடரில் வரும் கோபக்கார மாணவனுக்கு ஊர் இல்லை, தெரு இல்லை, சாதி இல்லை, கூலி இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன்பின் நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகூட அந்த அறிக்கையில் பேசப்பட்டது. நம் தொடர்களில் அந்தக் கயிற்றைப் பார்க்க முடியாது. அடிதடி எவ்வளவு காட்டினாலும், அதன் வேர் காட்டப்படாதபோது அது உண்மையான சித்திரம் ஆகாது.

பிற நாட்டுத் தொடர்கள் சில

இங்கிலாந்தில் 'கிரேஞ்ச் ஹில்' என்ற பள்ளித் தொடரை பிபிசி 1978 முதல் 2008 வரை ஒளிபரப்பியது. 1986இல் அதில் ஒரு மாணவன் ஹெராயின் பழக்கத்துக்கு அடிமையாகும் கதை வந்தது. அவன் திடீரென்று அறிமுகமான 'கெட்ட பையன்' அல்ல; 1982 முதல் குழந்தைகள் பார்த்துப் பழகிய குறும்புக்காரன். தங்களுக்குத் தெரிந்த ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை அவர்கள் பார்த்தார்கள். அதனால்தான் அந்தக் கதை அவ்வளவு ஆழமாகப் பதிந்தது.

கனடாவில் 1987இல் தொடங்கிய 'டிகிராசி ஜூனியர் ஹை' தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான லிண்டா ஷைலர் முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர். கதாபாத்திரத்தின் வயதுடைய பிள்ளைகளையே அதில் நடிக்க வைத்தார்கள். பருவும் தடுமாற்றமும் உடைந்த குரலும் அப்படியே திரையில் வந்தன.

உண்மையைக் காட்டுகிறோம் என்ற பெயரில் தவறிய சான்றும் உண்டு. 2017இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தர்ட்டீன் ரீசன்ஸ் வை' என்ற அமெரிக்கத் தொடர், ஒரு மாணவியின் தற்கொலையை விரிவாகக் காட்டியது. மனநல வல்லுநர்கள் கடுமையாக எதிர்த்தனர். அந்தத் தொடருக்குப் பின் இளையோர் தற்கொலை கூடியதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் 2019 ஜூலையில் அந்தக் காட்சியை நிறுவனமே நீக்கியது. தற்கொலை முறையை விவரித்துக் காட்டக் கூடாது. உதவி கேட்டு மீண்டவர்களைக் காட்ட வேண்டும் என்பதே திரைத்துறையினருக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் அறிவுரை.

2025 மார்ச்சில் வெளியான 'அடோலசன்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரை நம்மில் பலர் பார்த்திருக்கலாம். நான்கே பகுதிகள், ஒவ்வொன்றும் இடையில் வெட்டே இல்லாமல் ஒரே மூச்சில் படம்பிடிக்கப்பட்டது. சக மாணவியைக் கொன்றதாக 13 வயதுச் சிறுவன் கைது செய்யப்படுகிறான். அவன் அப்பா அடிப்பவர் அல்ல. தன் அப்பாவிடம் தான் வாங்கிய அடியைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தவர். வழக்கமான காரணங்களை எடுத்துவிட்டு, நம்மைச் சும்மா உட்கார்ந்து யோசிக்க வைக்கிறது தொடர். அதில் காவல் அதிகாரி, மாணவர்கள் அனுப்பிக்கொண்ட கைப்பேசிக் குறியீடுகளைத் தவறாகப் புரிந்துகொள்கிறார். அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன்தான் அவற்றின் பொருளைச் சொல்லித் தருகிறான். பெரியவர் கற்றுக்கொள்ளும் அந்தக் காட்சி ஆசிரியர்களாகிய நமக்கானது. இங்கிலாந்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இத்தொடர் இலவசமாக வழங்கப்பட்டது. ஆனால் நம் ஒன்பதாம் வகுப்பில் திரையிட அது ஏற்றதல்ல. நாம் பார்க்கலாம்; அதிலிருந்து கேள்விகளை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவரலாம்.

முதல் பாடவேளை: நான்கு கேள்விகள்

மாணவர்களை ஐந்து குழுக்களாகப் பிரித்தேன். எந்தக் காட்சியையும் திரையிடவில்லை. அவர்கள் ஏற்கெனவே பார்த்த ஏதாவது ஒரு தொடரில், சிக்கலில் இருக்கும் மாணவன் அல்லது மாணவியை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். கரும்பலகையில் நான்கு கேள்விகள் எழுதினேன்.

1. காரணம்: அவர் அப்படி நடந்துகொள்ள எத்தனை காரணங்கள் காட்டப்பட்டன?
2. காலம்: அவர் கெட்டது எத்தனை நாளில்? திருந்தியது எத்தனை நாளில்?
3. விளைவு: சண்டைக்கு அடுத்த நாள் என்ன ஆனது? யாருக்கு இழப்பு?
4. பெரியவர்: வீட்டிலோ பள்ளியிலோ பெரியவர் ஒருவர் கேட்டாரா, பேசினாரா?

நான்காம் கேள்வி முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. "கேட்பது என்றால் காது கொடுத்துக் கேட்பது" என்று விளக்கினேன்.

பதில்கள் பலகையை நிரப்பின. பெரும்பாலும் ஒரே காரணம்: காதல் அல்லது கெட்ட நண்பன். திருந்தியது ஒரே காட்சியில், ஒரே அறிவுரையில். சண்டையில் அடிபட்டவன் மறுநாள் சிறு கட்டோடு சிரிக்கிறான். மருத்துவச் செலவு யார் செய்தார்கள் என்று தெரியாது. நான்காம் கேள்விக்கு ஒரு குழு எழுதிய பதில்: "எல்லாப் பெரியவரும் பேசினார்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை."

"நிஜத்துல எப்படிப்பா?" என்று நான் கேட்டதும் வகுப்பு அமைதியானது. அந்த அமைதியை நான் நீட்டவில்லை. அடுத்த வகுப்பில் எழுதலாம் என்று சொல்லி முடித்தேன்.

இரண்டாம் பாடவேளை: 'இல்லாமல்' எழுதுதல்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் உள்ள மண்டகப்பட்டுக் குடைவரை எங்கள் மாணவர்களுக்கு நன்கு தெரிந்த இடம். அங்குள்ள கிரந்தக் கல்வெட்டின் செய்தியைச் சொன்னேன். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணம் இல்லாமல், விசித்திரசித்தன் என்ற அரசன் பிரம்மா, சிவன், திருமால் ஆகியோருக்கு இந்தக் கோயிலை எடுத்தான் என்கிறது அது. ஏழாம் நூற்றாண்டின் முதல் பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனே அந்த விசித்திரசித்தன். வழக்கமான பொருள்கள் நான்கையும் விலக்கிவிட்டு, இருந்த பாறையையே குடைந்தான்.

அவன் நாடகாசிரியனும்கூட. 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற அங்கத நாடகத்தில், காபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுக் கிண்ணத்தைத் தொலைத்துவிட்டு, திருடியதாகப் பௌத்தத் துறவி ஒருவர்மீது பழி சுமத்துகிறான். கடைசியில் தெரிகிறது, தூக்கிப்போனது ஒரு நாய். கதையைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள். சிவந்த கண்களோடு தூங்கிய அந்த மாணவனை நினைத்துக்கொண்டேன்; எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். பள்ளிப் பிள்ளை ஒருவர் சிக்கலில் இருக்கும் காட்சியை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். நான்கு பொருள்களை விலக்க வேண்டும்:

1. பின்னணி இசை இல்லாமல்
2. வில்லன் இல்லாமல்
3. திடீர்த் திருப்பம் இல்லாமல்
4. கடைசியில் அறிவுரை இல்லாமல்

"அப்புறம் என்னதான் ஐயா எழுதுறது?" என்றான் ஒருவன். "மீதி இருக்கிறதை எழுது" என்றேன். இருபது நிமிடம் கொடுத்தேன். அரை மணி நேரம் ஆனது.

ஒரு குழு எழுதியது: சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும் இரு தோழிகள் சத்துணவு வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்தி தன் முட்டையை எடுத்து மற்றவள் தட்டில் வைக்கிறாள். அவள் அதைப் பாதியாகப் பிய்த்துத் திருப்பித் தருகிறாள். அவ்வளவுதான் காட்சி.

இன்னொரு குழு: கணக்கில் தேர்ச்சி பெறாத மாணவன், கரும்பு வெட்டிவிட்டு வரும் அப்பாவிடம் மதிப்பெண் சீட்டை நீட்டுகிறான். அவருக்குப் படிக்கத் தெரியாது. "சாப்ட்டியா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார். முதல் படியில், "அவன் அழுதான்" என்று முடித்திருந்தார்கள். பிறகு அதை அடித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "அவன் அழல ஐயா. போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுனான்" என்றார்கள்.

மூன்றாவது காட்சியை வாசிக்க அந்தக் குழுவினர் கொஞ்சம் தயங்கினார்கள். வீட்டுப்பாடம் எழுதாத மாணவனை ஆசிரியர், "வெளியே நில்" என்கிறார். பாடம் நடக்கிறது. மணி அடிக்கிறது. ஆசிரியர் அடுத்த வகுப்புக்கு விரைகிறார், அவனை மறந்துவிடுகிறார். அவன் இன்னும் வெளியே நிற்கிறான். வில்லன் இல்லை. ஆசிரியர் கெட்டவரும் இல்லை. மணி அடித்ததும் ஓட வேண்டியவர். காட்சி அங்கேயே முடிகிறது.

வகுப்பு என்னைப் பார்த்தது. "நல்லா எழுதியிருக்கீங்க. இதுல வர்ற ஆசிரியர் நானாகவும் இருக்கலாம்" என்றேன். எந்தப் பாடநூலும் எனக்கு அதைக் காட்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை

இந்தச் செயல்பாட்டைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்:

• "உன் கதையை எழுது" என்று கேட்க வேண்டாம். கற்பனைப் பாத்திரம் என்ற திரை பிள்ளைக்குப் பாதுகாப்பு. வகுப்பில் உள்ளவர் பெயர் வரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

• எழுதியவை அனைத்தையும் நீங்கள் முதலில் வாசியுங்கள். வாசிக்க விரும்பாத குழுவை வற்புறுத்த வேண்டாம்.

• எழுத்தில் வன்முறை, பாலியல் சீண்டல், தற்கொலை எண்ணம் பற்றிய குறிப்பு தெரிந்தால், அதைச் சக மாணவர்முன் பேச வேண்டாம். அந்தப் பிள்ளையைத் தனியே, பதற்றமில்லாமல் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது நம் கடமை. தலைமையாசிரியரிடம் உடனே தெரிவியுங்கள்.

• குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் வழிகாட்டி உதவி எண் 14417, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416 ஆகியவற்றை வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

• பெற்றோர் கூட்டத்தில் ஓடிடி தளங்களின் வயதுக் குறியீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 7+, 13+, 16+, வயது வந்தோருக்கானது என்ற வகைப்பாடு ஒவ்வொரு தொடருக்கும் காட்டப்பட வேண்டும். பல பெற்றோருக்கு இது தெரியாது.

• மதிப்பெண் போட வேண்டாம். எழுத்துப் பிழைகளை அடுத்த வகுப்பில் பொதுவாகத் திருத்தலாம்.

இந்த இரண்டு வகுப்புகளால் பிள்ளைகள் தொடர் பார்ப்பதை நிறுத்தவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் இப்போது யாராவது ஒரு கதை சொன்னால், "காரணம் ஒண்ணுதானா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வருகிறது.

என்னிடமும் ஒரு மாற்றம். முதல் பாடவேளையில் யாராவது தூங்கினால் எழுப்புவதற்குமுன் அருகில் போகிறேன். "காலையில சாப்ட்டியா? ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்த?" என்று மெதுவாகக் கேட்கிறேன். பதில் வர நேரம் எடுக்கும். சில நாள் வராது. வெளியே நிற்கச் சொன்ன பிள்ளையை, மணி அடித்ததும் உள்ளே அழைத்துவிட்டுத்தான் அடுத்த வகுப்புக்குப் போகிறேன்.

உங்கள் வகுப்பிலும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.